மணிக்கொரு துடிப்பு

அன்புள்ள யாழினி,

சரியான இடத்தில்தான் சிக்கியிருக்கிறாய். அண்டகத்திலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் மூளையை அடக்கி வைக்கிறது என்கிறது உன் பாடம். அடுத்த பக்கத்திலேயே, அதே ஈஸ்ட்ரோஜன்தான் மாத நடுவில் எல்.எச். ஹார்மோனைப் பெருகச் செய்து முட்டையை வெளியேற்றுகிறது என்கிறது. இரண்டும் உண்மை. எப்படி என்பதற்கு விடை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் உண்டு. அவற்றில் ஓரிரு ஆயிரம் மட்டுமே, ஹைப்போதலாமஸிலும் அதன் அருகிலும் சிதறிக் கிடந்து, ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கரு வளரும்போது மூக்குப் பகுதியில் பிறந்து மூளைக்குள் குடியேறியவை அவை. அந்தப் பயணம் தடைபட்டவர்களுக்கு வாசனை தெரியாது. பருவமடைதலும் தானாக நிகழாது. இவ்வளவு சிறிய கூட்டத்தை நம்பியா பாலூட்டிகளின் சந்ததி இருக்கிறது என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

அந்த ஹார்மோன் எவ்வளவு வருகிறது என்பதைவிட எப்படி வருகிறது என்பதே முக்கியம். 1978இல் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் நோபிலின் குழுவினர், அது சுரக்காத ரீசஸ் குரங்குகளுக்கு மணிக்கு ஒருமுறை, ஆறு நிமிடம் மட்டும் செலுத்தினார்கள். எல்.எச்.ஐச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி விழித்துக்கொண்டது. இடைவிடாமல் செலுத்தியதும் அடங்கிப்போனது. மிகச் சிறு வயதில் பருவமடையத் தொடங்கும் குழந்தைகளுக்கு அதைத் தள்ளிப்போட இன்று தரும் ஊசி, இந்த இரண்டாவது விளைவைத்தான் பயன்படுத்துகிறது.

இனி உன் கேள்வி. ஜி.என்.ஆர்.எச். செல்களில் ஈஸ்ட்ரோஜனுக்கான முக்கிய ஏற்பியே இல்லை. அப்படியானால் அவற்றுக்குச் செய்தி சொல்வது யார்? 2003இல் பாரிஸிலும் பாஸ்டனிலும் இரு குழுக்கள், பருவமடையாதவர்கள் இருந்த குடும்பங்களை ஆராய்ந்தன. கிஸ்பெப்டின் என்ற மூலக்கூறின் ஏற்பியில் மரபணுப் பழுது இருந்தது. ஜி.என்.ஆர்.எச். செல்களுக்குச் செய்தி சொல்வது கிஸ்பெப்டினைச் சுரக்கும் செல்கள்தான். அவற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு. எலிகளில் இச்செல்கள் இரு கூட்டங்களாக இருக்கின்றன. ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில் இருந்து அன்றாடத் துடிப்பை நடத்தும் கூட்டத்தை ஈஸ்ட்ரோஜன் அடக்குகிறது. முன்புறக் கூட்டத்தை அதே ஈஸ்ட்ரோஜன் தூண்டுகிறது. எல்.எச். பெருக்கு பிறப்பது அங்கேதான். குரங்கிலும் மனிதரிலும் இந்தப் பிரிவினை இவ்வளவு தெளிவாக இல்லை. ஆனால் உயர்ந்த ஈஸ்ட்ரோஜன் அளவு ஏறக்குறைய இரண்டு நாள் நீடித்தால்தான் நம் உடலில் அந்தப் பெருக்கு வரும். பூனையிலும் முயலிலும் அதைத் தூண்டுவது இணைசேர்தல்.

பட்டினியும் கடும் மன அழுத்தமும் இந்தத் துடிப்பை மெதுவாக்கும், நிறுத்தியும் விடும். அதனால் தேர்வு நெருங்குகிறதென்று சாப்பாட்டைத் தவிர்க்காதே. மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் தயங்காமல் அம்மாவிடம் சொல், மருத்துவரைப் பார்.

அன்புடன்,
அத்தை