ஸ்டூலில் உட்கார்ந்தால் தப்பா?

கேள்வி: ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே விலை சொன்னார். என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. இதில் என்ன மரியாதைக் குறைவு?
– வாசகி, மதுரை

பதில்: ஒன்றுமில்லை. வங்கியில் காசாளர் உட்கார்ந்துதான் பணம் தருகிறார். நாம் வரிசையில் நிற்கிறோம். யாரும் முகம் சுளிப்பதில்லை. சம்பளம் குறைந்தவர் உட்கார்ந்தால் மட்டும் உறுத்துகிறது என்றால் அது வர்க்கத் திமிர்தான்.

கடை திறந்தது முதல் இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்கும் அந்தப் பெண்களின் கால்களைப் பார்த்திருக்கிறீர்களா? பலருக்குக் கணுக்கால் வீங்கி, நரம்பு சுருண்டு நீலம் பாரித்திருக்கும். கூட்டமில்லாத மதியத்தில் அலமாரியில் சற்றுச் சாய்ந்தாலே மேற்பார்வையாளர் அதட்டுவார். கேரளத்தில் இவர்களைப் போன்ற விற்பனைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகத் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி ஊழியர் எல்லாருக்கும் இருக்கை தரவேண்டியது முதலாளியின் கடமை.

ஆகவே அந்தப் பெண் சட்டப்படிதான் உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளர் கோபிப்பாரே என்ற பயம்தான் மற்ற கடைகளில் ஸ்டூலை மூலையில் போட்டுவைக்கிறது. அடுத்த முறை போகும்போது, "உட்கார்ந்தே காட்டும்மா" என்று உங்கள் கணவரையே சொல்லச் சொல்லுங்கள்.