வெள்ளத்துக்குப் பின் கரன்ட்: ஆழ்வார்திருநகரித் தெருக்கள் இன்றே செய்ய வேண்டியவை

2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை மீறி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பிறகு சப்ளை ஒரேயடியாக வராது. 11,000 வோல்ட் லைனில் பழுதான பகுதியைப் பிரித்துவிட்டு, மீதியை டிரான்ஸ்பார்மர் டிரான்ஸ்பார்மராக ஏற்றுவார்கள். அதனால் உங்கள் டிரான்ஸ்பார்மருக்கு உட்பட்ட வீடுகள் கூடிப் பேசி, முன்கூட்டியே முடிவெடுங்கள்.

செய்ய வேண்டியவை

• உங்கள் வீடு எந்த டிரான்ஸ்பார்மரில் என்று குறித்து வையுங்கள். புகாரில் அதைச் சொன்னால் லைன்மேன் தேடி அலைய வேண்டாம்.

• தெருவுக்கு ஒருவரை மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் (94987 94987) பேச வையுங்கள். ஆளுக்கொரு தகவல் சொன்னால் குழப்பம்தான்.

• தண்ணீர் வாசலுக்கு வரும் முன்பே, கை காய்ந்திருக்கும்போதே மெயினை ஆஃப் செய்யுங்கள்.

• சுவிட்ச்போர்டு நனைந்த வீடுகளைக் கணக்கெடுத்து லைன்மேனிடம் கொடுங்கள். அந்த வீடுகளின் இணைப்பை மட்டும் கம்பத்தில் கழற்றிவிட்டால் மற்ற வீடுகளுக்கு சப்ளை கொடுக்கலாம். இல்லையென்றால் ஒரு ஈரச்சுவர் தெரு முழுவதற்கும் ஃபியூஸைப் போக்கிவிடும்.

• குடிநீர் மோட்டார், ஆஸ்பத்திரி, செல்போன் டவர் எந்தெந்த டிரான்ஸ்பார்மரில் என்று எழுதிக் கொடுத்து, அவற்றுக்கு முதலில் சப்ளை கேளுங்கள். உங்கள் தெரு பிந்தினாலும் பரவாயில்லை.

செய்யக்கூடாதவை

• ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக் பாயின்டில் செருகாதீர்கள். இது கொலைக்குச் சமம். உங்கள் ஜெனரேட்டரின் 230 வோல்ட், சப்ளை வரும் வழியே திரும்பிப் போய், டிரான்ஸ்பார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறும். லைனில் சப்ளை இல்லை என்று நம்பிக் கம்பத்தில் நிற்பவர் பிழைக்கமாட்டார். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றுவது) இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜையோ விளக்கையோ நேராக ஜெனரேட்டரிலேயே மாட்டுங்கள்.

• டிரான்ஸ்பார்மர் சுவிட்சில் கை வைக்காதீர்கள். லைன் கிளியர் (சப்ளையை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கி அடுத்த தெருவில் யார் ஏறியிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.

• சாய்ந்து கிடக்கும் வாழைத்தோட்டத்தில் இறங்காதீர்கள். அறுந்த கம்பி அடியில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது.

• சேறு புகுந்த பம்ப்செட்டை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

• கரன்ட் வந்ததும் எல்லாவற்றையும் போடாதீர்கள். எல்லா வீட்டு ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஃபியூஸ் மறுபடி போகும். முதலில் ஒரு லைட்; கால் மணி நேரம் சப்ளை போகாமல் இருந்தால் ஃபிரிட்ஜ்; மோட்டாரைக் கடைசியில் போடுங்கள்.