மனசுக்கும் வைத்தியம் உண்டு: மருத்துவ உளவியலாளர் என்ன செய்கிறார்?



காய்ச்சல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். ஆட்டுக்கு நோய் வந்தால்கூட கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போகிறோம். மனசு சரியில்லை என்றால் மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னாலும், "நாலு வேலை செஞ்சா எல்லாம் சரியாப் போயிடும்" என்று அனுப்பி விடுகிறோம். மனசுக்கு வைத்தியம் பார்க்கப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யார், என்ன படித்தவர்கள், அவர்களிடம் போனால் என்ன நடக்கும் என்பதை இந்தப் பாடத்தில் தெரிந்து கொள்வோம்.

அதற்கு முன் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லி விடுகிறோம்.

நாங்கள் போட்ட அபராதம்

நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் நடந்தது இது. இந்த மடலை எழுதும் எங்களில் சிலரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறோம். அந்த உறுப்பினரின் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறோம். பேரும் ஊரும் வேண்டாம் என்றார், சொல்லவில்லை.

பதினோரு வருடமாகக் குழுவில் இருப்பவர் அவர். கடன் வாங்கிக் கறவை மாடு பிடித்தார். இரண்டில் ஒன்று செத்துப் போனது. அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வருவது குறைந்தது, அப்புறம் நின்றே போனது. நாங்கள் என்ன செய்தோம்? வராத வாரத்துக்குப் பத்து ரூபாய் அபராதம் எழுதினோம். நான்காவது வாரம் தீர்மான நோட்டிலும் ஏற்றி விட்டோம். "கடன் கட்டாம ஒளியிறா" என்று முதுகுக்குப் பின்னால் பேசவும் செய்தோம். ஒருவர்கூட அவர் வீட்டுப் படியேறிப் பார்க்கவில்லை.

போய்ப் பார்த்தவர், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வந்த தன்னார்வலர். அவரும் ஒரு குழுப் பெண்தான். நம் உறுப்பினர் சரியாகத் தூங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அடுப்பு பற்ற வைக்கவில்லை. தலை வாரவில்லை. "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டிருக்கிறார். அந்தத் தன்னார்வலர் தயங்கவில்லை. மறுநாளே அவரையும் அவர் வீட்டுக்காரரையும் பஸ் ஏற்றி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விட்டார். அங்கேதான் மருத்துவ உளவியலாளரைப் பார்த்தார்கள்.

இவர் யார்? என்ன படித்தவர்?

மூன்று பேரை நாம் குழப்பிக் கொள்கிறோம்.

மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர். மாத்திரை எழுதுகிறவர் இவர்.

மருத்துவ உளவியலாளர்: உளவியலில் முதுகலை முடித்து, அதன்மேல் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துப் பயிற்சி எடுத்தவர். பல்லாண்டுகளாக இது எம்.ஃபில். என்ற இரண்டு வருடப் படிப்பாக நடந்து வந்தது. இவர் மாத்திரை எழுத மாட்டார். பேச்சு, பயிற்சி, பரிசோதனை ஆகியவைதான் இவர் கருவிகள்.

ஆலோசகர்: கவுன்சிலிங் செய்பவர். இவர்களில் நன்றாகப் பயிற்சி பெற்றவர்களும் உண்டு, நான்கு நாள் பயிற்சியோடு பலகை மாட்டியவர்களும் உண்டு.

நம் நாட்டில் இந்தப் பயிற்சி 1955-இல் பெங்களூரில் தொடங்கியது. அந்த நிறுவனத்தைத்தான் இன்று நிம்ஹான்ஸ் என்கிறோம். 1992-இல் வந்த சட்டப்படி, மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆங்கில எழுத்துப்படி இதை ஆர்.சி.ஐ. என்பார்கள். தனியாரிடம் காசு கொடுத்துப் பார்க்கிறவர்கள், "உங்க ஆர்.சி.ஐ. பதிவு எண் என்னங்க?" என்று தாராளமாகக் கேட்கலாம். கடன் வாங்கும்போது வட்டி எவ்வளவு என்று கேட்பதில்லையா? அது மாதிரிதான் இதுவும்.

முதல் நாள் என்ன நடந்தது?

நம் உறுப்பினர் பயந்துகொண்டே உள்ளே போனார். "கரண்ட் வைப்பாங்களோ, பைத்தியம்னு எழுதிடுவாங்களோன்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுது" என்றார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்த உளவியலாளர் அம்மா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் மாட்டைப் பற்றித்தான் கேட்டாராம். பிறகு தூக்கம், சாப்பாடு, மாதவிடாய், வீட்டில் குடி, அடி உதை உண்டா, பிறந்த வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கொஞ்ச நேரம் கணவரோடு, கொஞ்ச நேரம் கணவரை வெளியே இருக்கச் சொல்லித் தனியாக.

அடுத்து ஒன்பது கேள்வி கொண்ட ஒரு படிவம். கடந்த இரண்டு வாரத்தில் ஆர்வமில்லாமல் இருந்தது எத்தனை நாள், தூக்கமில்லாமல் இருந்தது எத்தனை நாள் என்ற மாதிரிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. நம் உறுப்பினருக்கு 17 வந்தது. இந்த எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுப்பதில்லை. தெர்மாமீட்டர் சூட்டைக் காட்டும், என்ன காய்ச்சல் என்று சொல்லாது. அதுபோலத்தான் இதுவும்.

அதனால்தான் ரத்தமும் பார்க்கச் சொன்னார். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே மாதிரிச் சோர்வு வரும். உடம்பில் உள்ள குறையை மனசு மேல் போடக் கூடாது அல்லவா?

ஒரு கேள்வியை நேராகவே கேட்டார். "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பையும் உண்டாக்கி விடுவோமோ என்று நாம் பயப்படுகிறோம். அப்படி இல்லை. நேராகக் கேட்டால் மனசுக்குள் வைத்துத் தவித்தவருக்குப் பேச ஒரு வாசல் திறக்கிறது. நம் உறுப்பினர் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு அழுதார். உடனே கணவரை அழைத்து, வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொன்னார். அவரைத் தனியாக விட வேண்டாம் என்றும் சொன்னார். மனநல மருத்துவரிடமும் கூட்டிப் போனார். அவர் மாத்திரை எழுதினார்.

படிக்காதவர்களுக்குப் பரிசோதனை உண்டா?

உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேள்விகளை வாயால் கேட்டே பதில் எழுதிக் கொள்வார்கள். குழந்தைகளின் அறிவுத்திறனைப் பார்க்கவும் எழுத்தே வேண்டாத பரிசோதனைகள் உள்ளன. 1955-இல் பாட்டியா என்ற இந்திய அறிஞர் வெளியிட்ட பரிசோதனை அப்படிப்பட்டது. வண்ணக் கட்டைகளை அடுக்குவது, படத் துண்டுகளைச் சேர்ப்பது, பார்த்த வடிவத்தை வரைவது என்று இருக்கும். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கும் செய்து பார்க்கலாம்.

இந்தத் துறை தொடங்கியதே படிப்பு வராத ஒரு பையனால்தான். 1896-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், எழுத்துக்கூட்ட வராத ஒரு பையனை அவன் டீச்சர் லைட்னர் விட்மர் என்ற பேராசிரியரிடம் கூட்டிப் போனார். விட்மர் சோதித்துப் பார்த்தால் பையனுக்குக் கண்ணில் குறை! கண்ணாடி போட்டு, தனியாகப் பாடமும் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்த வருடமே உலகின் முதல் உளவியல் சிகிச்சை நிலையத்தை அங்கே தொடங்கினார். நம் வீட்டுப் பிள்ளையை "மக்கு" என்று திட்டும் முன் இதை நினைத்துக் கொள்வோம்.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கவும் உளவியலாளரின் பரிசோதனை தேவைப்படுகிறது. பராமரிப்பு உதவித்தொகைக்கு அந்த அட்டைதான் ஆதாரம்.

பேசியே குணமாக்குவது எப்படி?

"சும்மா பேசுறதுக்கு எதுக்கு பஸ் சார்ஜு?" என்று நம்மில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டு பயிற்சிகளைச் சொல்கிறோம், கேளுங்கள்.

முதல் பயிற்சி, செயலில் இறங்குவது. மனசு சோர்ந்தால் வேலையை விடுகிறோம். வேலையை விட்டால் சோர்வு கூடுகிறது. செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்கிறோம். "மனசு சரியான பிறகு செய்யலாம்னு காத்திருக்க வேண்டாம். சின்னதா ஒண்ணு செய்யுங்க, மனசு பின்னால வரும்" என்றார் உளவியலாளர். முதல் வாரம் இரண்டே வேலை. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவது, சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவோடு பத்து நிமிடம் உட்காருவது. செய்த நாளில் தினசரி காலண்டர் தாளில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். முதல் வாரம் மூன்று பொட்டு. அடுத்த வாரம் ஐந்து.

இரண்டாவது பயிற்சி, நினைப்பைக் கணக்குப் பார்ப்பது. "நான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன், குழுவுக்கே பாரம்" என்பது அவர் மனசில் ஓடிய நினைப்பு. உளவியலாளர் "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று சமாதானம் சொல்லவில்லை. கடன் பாஸ்புக்கை எடுத்து வரச் சொன்னார். பதினேழு தவணையில் பதினைந்து சரியான தேதியில் கட்டியிருந்தார். இரண்டுதான் தாமதம். "எல்லாத்தையும்னு சொன்னீங்களே, புத்தகம் வேற சொல்லுதே?" என்று கேட்டாராம். பதினொரு வருடம் நாங்கள் அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறோம். அதை வைத்து ஒருவருக்குத் தெம்பு கொடுக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இது ஒருவருக்கு மட்டும் பலித்த கதை இல்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே இந்தச் செயல் பயிற்சியை ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்குச் சோர்வு அதிகம் குறைந்தது. இந்த ஆய்வு 2017-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது.

நம் உறுப்பினர் எட்டு முறை போய் வந்தார். கடைசியில் அதே ஒன்பது கேள்விக்கு மதிப்பெண் 6. செத்த மாடு திரும்பி வரவில்லை, கடனும் பாக்கி இருக்கிறது. சில நாள் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்கிறார். ஆனால் தவணையை எப்படிக் கட்டுவது என்று இப்போது அவரே குழுவில் பேசுகிறார். மாத்திரையை அவராக நிறுத்தவில்லை. எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நமக்கு உள்ள உரிமைகள்

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நமக்குச் சில உரிமைகளைத் தருகிறது.

• நம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தேவையானவர்களிடம் சொல்வார்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

• தற்கொலைக்கு முயன்றவரை மன உளைச்சலில் இருந்தவராகத்தான் பார்க்க வேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது. கேஸ் வரும் என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டு போகாமல் இருக்காதீர்கள்.

• யாரையும் சங்கிலியால் கட்டி வைக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்த தீ விபத்தை மறக்க முடியுமா? கட்டி வைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப் போனார்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ போவது அவரவர் நம்பிக்கை. அதோடு வைத்தியமும் பார்க்க வேண்டும்.

எங்கே போவது?

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று கேளுங்கள். போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். இது 2022-இல் தொடங்கிய டெலி மனஸ் சேவை. இரவு பகல் எந்நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். வீட்டில் அடி உதை என்றால் 181.

எங்கள் குழு எடுத்த தீர்மானம்

அந்த அபராதத்தை ரத்து செய்தோம். இரண்டு வாரம் தொடர்ந்து ஒருவர் வரவில்லை என்றால், நோட்டில் எழுதும் முன் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். அங்கே கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நம் குழுவில் கொஞ்ச நாளாக வராதவர் யார்? ஏன் என்று யாராவது நேரில் போய்க் கேட்டோமா?

2. மனநல மருத்துவருக்கும் மருத்துவ உளவியலாளருக்கும் என்ன வித்தியாசம்?

3. "பைத்தியம்", "மக்கு" என்ற வார்த்தைகளை நாம் யார் மீது சொல்கிறோம்? அதனால் அவர் உதவி கேட்கத் தயங்குகிறாரா?

4. 14416 என்ற எண்ணைக் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி விட்டோமா?

நான்காவது கேள்விக்கு இன்றைய கூட்டம் முடிவதற்குள் பதில் சொல்லி விடுங்கள்.