மீன் வறுவலுக்கு ஏற்ற போர்ச்சுகல் வெள்ளை ஒயின்: முழுமையான வழிகாட்டி

காரசாரமான நம் சாப்பாட்டுக்கு ஒயின் ஒத்துவராது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். முதலில் கைக்கு வருவது துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினாக இருந்தால் அப்படித்தான் தோன்றும். போர்ச்சுகலின் வடமேற்கில், மழை மிகுந்த மின்யோ பகுதியிலிருந்து வரும் வின்யோ வெர்டேயைக் குடித்துப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். 1908இல் எல்லை வகுக்கப்பட்ட ஒயின் வட்டாரம் அது. பல திராட்சை வகைகளைக் கலந்து செய்யும் இலேசான வெள்ளை ஒயின்தான் அதன் அடையாளம்.

படி 1: லேபிளைப் படியுங்கள்

கலவையில் லொரெய்ரோ திராட்சை பூமணத்தைத் தரும். அரிந்தோ எலுமிச்சைப் புளிப்பைத் தரும். த்ரஜதூரா அந்தப் புளிப்பைச் சற்றுத் தணிக்கும். அவெலெடா நிறுவனம் 1939 முதல் விற்றுவரும் காசால் கார்சியா இந்த வகைதான். தொடங்குவதற்கு அது போதும். அல்வரின்யோ திராட்சை என்று தனியே போட்டிருந்தால் கனமும் விலையும் கூடும்.

அடுத்து ஆல்கஹால் அளவு. 9 முதல் 11 விழுக்காடு வரை உள்ளதை எடுங்கள். சிங்கப்பூரில் ஒயினுக்குத் தீர்வை, ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 10 விழுக்காடு உள்ள 750 மில்லி போத்தலுக்கு அது 6.60 வெள்ளி, 14 விழுக்காடு என்றால் 9.24 வெள்ளி. ஆண்டு குறித்திருந்தால் ஆகப் புதியதை வாங்குங்கள். இதைச் சேர்த்துவைப்பதில் பயனில்லை.

படி 2: நன்றாகக் குளிரவையுங்கள்

8 முதல் 10 டிகிரி சரியாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு போட்டு இருபது நிமிடம். ஊற்றியதும் கண்ணாடியில் சிறு குமிழ்கள் ஒட்டி நிற்கும்; நாக்கில் மெல்லச் சுருக்கென்றிருக்கும். கிண்ணத்தைப் பாதிக்குமேல் நிரப்ப வேண்டாம், நம் ஊர் வெக்கைக்குச் சீக்கிரம் சூடேறிவிடும்.

படி 3: உணவைத் தேர்ந்தெடுங்கள்

இந்தியாவுக்கு மிளகாயைக் கொண்டுவந்தவர்கள் 16ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுகீசியர். மிளகாய் எரிச்சலை உணரும் அதே நரம்புகளை ஆல்கஹாலும் தூண்டுவதால், காட்டமான ஒயின் குடித்தால் வாய் இன்னும் எரியும். ஆல்கஹால் குறைந்த ஒயினில் அந்தத் தொல்லை குறைவு. புளிப்பு விஷயம் வேறு: உணவின் புளிப்பு ஒயினைவிட மிஞ்சினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். வின்யோ வெர்டேயில் புளிப்பு தாராளம் என்பதால் புளி சேர்த்த உணவுக்கும் ஈடுகொடுக்கிறது.

என் முதல் தேர்வு வஞ்சிர மீன் வறுவல். தேக்கா சந்தையில் மீன் வாங்கி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவி, ஓரம் மொறுமொறுப்பாகும்வரை பொரியுங்கள். எலுமிச்சை பிழிய வேண்டியதில்லை, ஒயினே அந்த வேலையைச் செய்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு மிடறில் கழுவிக்கொண்டு போகும். உளுந்து வடை, வாழைக்காய் பஜ்ஜிக்கும் இப்படித்தான்.

1956இல் செர் யாம் தியென் என்பவர் உருவாக்கிய சில்லி நண்டில் இனிப்பும் இருப்பதால், அதற்குச் சற்றே இனிப்பான வகையைக் கேளுங்கள். மீன் தலைக் கறிக்கு, புளி மட்டாக இருந்தால் நன்றாகப் பொருந்தும். ரசத்துக்கும் பாயசத்துக்கும் வேண்டாம்.

படி 4: இடமும் நேரமும்

சிங்கப்பூரில் ஒயின் வாங்க வயது 18 ஆகியிருக்க வேண்டும். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது. வீவக கீழ்த்தளமும் பொங்கோல் நீர்வழிப் பூங்காவும் இதில் அடங்கும். கடைகளில் இரவில் போத்தல் விற்கும் நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. லிட்டில் இந்தியாவில் கட்டுப்பாடு இன்னும் கடுமை: சனிக்கிழமை காலை 7 முதல் திங்கட்கிழமை காலை 7 வரை பொது இடங்களில் குடிக்கவே அனுமதியில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். ரயிலில் போகலாம்: வடகிழக்கு ரயில் பாதை லிட்டில் இந்தியாவையும் பொங்கோலையும் நேராகவே இணைக்கிறது. மிச்சமிருந்தால் மூடி போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.