ஹெவி லைசென்ஸ்: டீக்கடைப் பேச்சும் சட்டப் புத்தகமும்

எருமையூர்ப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றி வரும் டிப்பர்கள், மேடவாக்கம், பள்ளிக்கரணை அடுக்குமாடிகளுக்கு ஓயாமல் தண்ணீர் அடிக்கும் டேங்கர்கள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளிலிருந்து புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு கிளம்பும் நீள டிரைலர்கள். தாம்பரத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் கனரக வண்டிகளுக்குக் குறைவே இல்லை. ஓட்டத்தான் நல்ல டிரைவர் கிடைக்கவில்லை என்று ஓனர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் பிக்கப் ஓட்டுகிற, கிளீனராகப் போகிற இளைஞர்கள் பலர் ஹெவி லைசென்ஸ் எடுக்க ஆசைப்படுகிறார்கள். நியாயமான ஆசை. ஆனால் அதற்கு எப்படித் தயாராவது என்று அவர்கள் காதில் விழுகிற ஆலோசனை பெரும்பாலும் காலாவதியான சட்டம், அல்லது யாரோ கிளப்பிவிட்ட கதை. அதை நம்பிப் பணத்தை இழந்தால்கூடப் பரவாயில்லை, சம்பாதித்துவிடலாம். தப்பாகத் தயாராகி, பத்துச் சக்கர டிப்பரோடு சாலைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது?

"மஞ்சள் போர்டு வண்டி எதுவாக இருந்தாலும் பேட்ஜ் போட்டே ஆகணும்." எல்லோரும் சொல்லும் முதல் விஷயம் இதுதான். ஒரு காலத்தில் இப்படித்தான் நடந்தது. 2017 ஜூலையில் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை, சாதாரண இலகுரக லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம், அதற்குத் தனி அங்கீகாரம், அதாவது பேட்ஜ், வேண்டாம் என்றது தீர்ப்பு. இன்சூரன்ஸ் கம்பெனிகள் விடவில்லை. வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு வரை போனது. 2024 நவம்பர் 6 அன்று அந்த அமர்வும் அதையே உறுதி செய்தது. ஆகவே டாடா ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப் ஓட்டுகிறவர்கள் "பேட்ஜ் எடுத்துத் தர்றேன்" என்று வருபவரிடம் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 7,500 கிலோ என்பது காலி வண்டியின் எடை இல்லை. லோடோடு சேர்த்து ஆர்சியில் போட்டிருக்கும் மொத்த எடை. "சின்ன டேங்கர்தானே" என்று கார் லைசென்ஸோடு ஏறி உட்காருகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆறாயிரம் லிட்டர் டேங்கரில் தண்ணீர் மட்டுமே ஆறு டன். வண்டியின் எடையையும் சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். பன்னிரண்டாயிரம் லிட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். ஏறுவதற்கு முன்னால் ஓனரிடம் ஆர்சியை வாங்கி அந்த ஒரு வரியைப் பாருங்கள்.

"எட்டாவது பாஸ் சர்டிபிகேட் இல்லேன்னா ஹெவி கிடைக்காது." 2019-லேயே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் இன்னும் இதை நினைத்துத் தயங்கி நிற்பதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. போலிச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம். கண்ணாடி போட்டிருந்தால் எடுபடாது என்பதும் தப்பு. தூரப் பார்வை பற்றி மருத்துவர் தரும் 1ஏ படிவம் கேட்பது, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலுள்ள நம்பர் பிளேட்டை உங்களால் படிக்க முடிகிறதா என்பதைத்தான். கண்ணாடி போட்டுப் படித்தாலும் படித்ததுதான்.

வயது விஷயத்தில் எதிர்த்திசையில் ஒரு தப்பு நடக்கிறது. "பதினெட்டு முடிஞ்சா போதும், பைக் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆச்சு" என்று சிலர் வந்து நிற்கிறார்கள். போக்குவரத்து வண்டிக்கு 20 வயது ஆக வேண்டும். அந்த ஒரு வருடக் கணக்கு பைக்குக்கு இல்லை. இலகுரக வண்டி, அதாவது கார் ஓட்டும் லைசென்ஸ் கையில் ஒரு வருடம் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கனரக வண்டிக்கான எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸ். எல்எல்ஆர் வாங்கி முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்ட்.

2024 ஜூனில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது: இனிமேல் ஆர்டிஓ ஆபீஸில் ஓட்டிக்காட்ட வேண்டாம், டிரைவிங் ஸ்கூல் சர்டிபிகேட்டே போதும். பத்திரிகைகள் சிலவும் போட்டன. புதிதாக எந்த விதியும் வரவில்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே அப்போது விளக்கம் கொடுத்தது. உண்மை இவ்வளவுதான்: 2021 ஜூலை முதல், அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையம் என்று ஒரு தனி வகை இருக்கிறது. நிறைய இடம், சொந்த டெஸ்ட் டிராக், சிமுலேட்டர் எல்லாம் அதற்கு வேண்டும். கனரக வண்டிக்கு அங்கே ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பயிற்சி. அதில் தேறியவருக்கு மட்டும்தான் ஆர்டிஓ டெஸ்டிலிருந்து விலக்கு. தெருமுனை டிரைவிங் ஸ்கூல் தரும் ஐந்தாம் எண் படிவம், அதாவது பயிற்சிச் சான்றிதழ், டெஸ்டுக்குப் போக உதவும். டெஸ்டுக்குப் பதிலாக நிற்காது.

அந்த ஐந்தாம் எண் படிவத்திலேயே ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, சாதாரண டிரைவிங் ஸ்கூலில்கூட போக்குவரத்து வண்டிக்குப் பயிற்சி முப்பது நாளுக்குக் குறையக் கூடாது. அதில் பதினைந்து மணி நேரமாவது ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்க வேண்டும். மற்றவர் ஓட்டுவதைப் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்த நேரம் இந்தக் கணக்கில் சேராது. "பத்து நாளில் லைசென்ஸ் கைக்கு வந்துடும்" என்று சொல்லுகிற இடத்தில் இந்தப் பதினைந்து மணி நேரம் எங்கே என்று கேளுங்கள். பணம் கட்டுகிறவருக்கு அதைக் கேட்க எல்லா உரிமையும் உண்டு.

இப்போது டெஸ்டுக்கு வருவோம். மற்ற எல்லாவற்றையும் விட ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை இதில்தான்: "ஹெச் போட்டு, ரிவர்ஸ் எடுத்துக் காட்டினா பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்து போட்டுடுவார்." அதனால் பையன்கள் ஒரு காலி மைதானத்தில் கம்பு நட்டு, அந்தக் கம்பைத் தொடாமல் பின்னால் வருவதையே நாள் கணக்கில் பழகுகிறார்கள். விதி எண் 15-ஐ எடுத்துப் படித்தால் தெரியும், ரிவர்ஸ் என்பது நீண்ட பட்டியலில் ஓரிரு வரி. மீதி எல்லாம் சாலை. டாப் கியர் வரை சீராக ஏற்றிப் போக வேண்டும். தேவைப்பட்டால் சட்டென்று கியர் இறக்க வேண்டும். ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்ப வேண்டும். சிக்னலோ போலீஸ்காரரோ இல்லாத இடத்தில் ஜனங்கள் சாலையைக் கடந்தால் அவர்களுக்கு வழிவிட வேண்டும். பக்கத்தில் போகிற சைக்கிள்காரர் என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே யூகிக்க வேண்டும். கண்ணாடி பார்ப்பதை அந்த விதி ஒரு தடவை சொல்லி விடவில்லை; கிளம்பும்போது, சிக்னல் போடும் முன், திரும்பும் முன், முந்தும் முன், நிறுத்தும் முன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது.

ஏன் இவ்வளவு அழுத்தம்? சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பில் ஒரு டிப்பர் இடது பக்கம் திரும்புவதை நின்று பாருங்கள். டிரைவர் உட்கார்ந்திருப்பது வலது பக்கம், தரையிலிருந்து ஆள் உயரத்தில். இடது கதவை ஒட்டி, பம்பருக்குச் சற்றுப் பின்னால் நிற்கிற ஸ்கூட்டர் அவர் கண்ணுக்கு நேராகத் தெரியவே தெரியாது. அதே சமயம் வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். வண்டி நீளம் கூடக் கூட அந்த வெட்டும் கூடும். முன்பக்கம் சுலபமாகத் தாண்டிப் போனதே என்று ஸ்கூட்டர்காரர் நிம்மதியாக நிற்கும் இடத்துக்குத்தான் பின்சக்கரம் வருகிறது. இடது கண்ணாடியை இரண்டு நொடி பார்த்துவிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தாரா, ஒடித்துவிட்டுப் பார்த்தாரா என்பதில்தான் ஒரு உயிர் தங்கியிருக்கிறது. மைதானத்தில் நட்ட கம்பு இதைச் சொல்லித் தராது. ஆகவே பயிற்சியில் பாதி நேரத்தையாவது இடது திருப்பத்துக்கு ஒதுக்குங்கள் என்பேன். நிறுத்திய வண்டியைச் சுற்றி ஒரு நண்பரை நடக்கச் சொல்லி, எந்தெந்த இடத்தில் அவர் மறைந்து போகிறார் என்று சீட்டில் உட்கார்ந்தபடி குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு டீசல் செலவுகூடக் கிடையாது.

ஏற்றத்தில் கிளம்புவதும் இப்படித்தான். நம் பக்கம் சமதரை, மலையா இருக்கிறது என்று அதைப் பழகாமல் விடுகிறார்கள். மாலையில் வண்டலூர் மேம்பாலத்தில் ஏறும்போது முன்னால் இருக்கிற பஸ் நின்றுவிட்டால், பின்னால் ஒட்டி நிற்கிற ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்ச் கடிக்கிற இடம் தெரிந்த பிறகு விடுவிக்கிற பழக்கம் காலுக்கு வர வேண்டும். மூளைக்குத் தெரிந்தால் மட்டும் போதாது.

கார் ஓட்டிப் பழகியவர்கள் ஹெவிக்கு வரும்போது கூடவே கொண்டுவரும் ஒரு கெட்ட பழக்கம், இறக்கத்தில் நியூட்ரல் போடுவது. டீசல் மிச்சமாம். இப்போதைய எஞ்சின்களில் கியரிலேயே வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வது தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலிங்குக்கு எரியும். அதைவிட முக்கியம் பிரேக். லாரியின் ஏர் பிரேக்கை ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் டேங்கில் இருக்கும் காற்று கொஞ்சம் செலவாகும். அதை நிரப்புகிற கம்ப்ரஸர் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது. எஞ்சின் மந்தமாகச் சுற்றினால் காற்று ஏறுவதும் மந்தம். எஞ்சின் பிடித்து இழுக்காததால் முழுப் பாரமும் பிரேக் லைனிங் மேல் விழும், சூடேறும், சூடேறினால் பிடிப்பு குறையும். தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி முன்னால் போன வண்டிகள் மேல் மோதியது என்ற செய்தி எத்தனை முறை வந்துவிட்டது! டெஸ்ட் விதியிலேயே இறக்கத்தில் கியரைக் குறைக்கத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறது. காற்று போய்விட்டால் வண்டி நிற்காமல் ஓடிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டிகளில் காற்று அறவே இறங்கினால் ஸ்பிரிங் தானாகவே பின்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். காலையில் காற்று ஏறும்வரை வண்டி நகராதது அதனால்தான். ஆனால் சூடேறிய லைனிங்குக்கு அந்த ஸ்பிரிங்கும் உதவாது.

டேங்கர் ஓட்டப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பாதி இறக்கிய டேங்கர் லேசாகிவிட்டது, வேகமாகப் போகலாம் என்பார்கள். நிறைந்த டேங்கரில் தண்ணீருக்கு அசைய இடமில்லை. பாதி டேங்கரில் தண்ணீர் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அலைபாயும்; பிரேக் போட்ட பிறகு வந்து வண்டியைத் தள்ளும், திருப்பத்தில் ஒரு பக்கம் சாய்க்கும். காலியும் இல்லாத, நிறையவும் இல்லாத டேங்கரைத்தான் மிக மெதுவாக ஓட்ட வேண்டும்.

பெண்களுக்கு ஹெவி ஒத்துவராது, கை பலம் வேண்டும் என்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-லேயே அரசு பஸ் ஓட்டத் தொடங்கிவிட்டார். இன்றைய லாரிகளில் பவர் ஸ்டியரிங் இருக்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஒரு தடவை ஃபெயில் ஆனால் எல்லாம் முதலிலிருந்து என்பதும் புரளி. ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தடவையும் தேறவில்லை என்றால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். ஃபெயிலாகிவிடுவோமோ என்ற பயத்தில்தான் புரோக்கரைத் தேடிப் போகிறார்கள். ஏழு நாள் காத்திருப்பதற்கா அவ்வளவு பணம்?

கடைசியாக, பரம்பரையாக வருகிற ஒரு நம்பிக்கை: "கிளீனரா ரெண்டு வருஷம் போனா லாரி தானா வந்துடும்." ராத்திரி இரண்டு மணிக்கு டிரைவர் அண்ணன் கண் அசந்து, "தம்பி, நேர் ரோடுதான், கொஞ்ச நேரம் பிடி" என்று ஸ்டியரிங்கைக் கொடுப்பதில் தொடங்குகிறது அந்தப் படிப்பு. பாசத்தில் கொடுப்பதுதான். ஆனால் தம்பி பழகுவது வெறும் நேர் ரோடு. அதுவும் சாலை காலியாக, கண் சொக்கும் நேரத்தில். திருப்பமும் கூட்டமும் அவனுக்குப் பழக்கமே ஆவதில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு அவனுக்கு ஐயாயிரம், ஓட்டக் கொடுத்தவருக்கு இன்னொரு ஐயாயிரம் அபராதம் என்பது சின்ன விஷயம். விபத்தில் யாராவது இறந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி அந்தக் குடும்பத்துக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு முழுத் தொகையையும் ஓனரிடமிருந்து வசூலிக்க உத்தரவு வாங்க முடியும். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி அது. லாரியை விற்றாலும் கட்டி முடியாத தொகையாக அது இருக்கலாம். இதை ஓனர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

கிளீனர் தம்பிக்குத் தெரிந்தது கொஞ்சமில்லை. டயரைத் தட்டிப் பார்த்தே காற்று குறைவு என்பான், தார்ப்பாய் கட்டுவான், லோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஏற்றும்போதே கண்டுபிடிப்பான். டிரைவிங் ஸ்கூலில் காசு கட்டிச் சேருகிறவனுக்கு இது எதுவும் தெரியாது. இருபது வயது ஆனதும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் முடிந்ததும் அவனுக்கு ஓனரே எல்எல்ஆர் போட்டுக் கொடுக்கலாம். வண்டியில் முன்னும் பின்னும் எல் போர்டு மாட்டி, ஹெவி லைசென்ஸ் உள்ள டிரைவர் அண்ணன் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து, லோடு இல்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் அவனை ஓட்டச் சொல்லலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. பதினைந்து மணி நேரத்துக்கு டிரைவிங் ஸ்கூல் கட்டணத்தில் பாதியை ஓனர் ஏற்றுக்கொண்டால், நல்ல டிரைவர் கிடைக்கவில்லை என்று அவர் அலைய வேண்டியிருக்காது. அவர் வண்டியிலேயே, இடது கதவுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான்.