மனசு வலிக்குதுன்னு சொன்னா, முதலில் அந்தச் சொல்லைக் கேட்போம்

இந்த மாதக் கிளை வகுப்புக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, நாடு விட்டு நாடு வந்தவர்களின் மனநலம். நான் பொறியியல் மாணவன், மருத்துவன் இல்லை. அதனால் சிகிச்சை சொல்லித்தர வரவில்லை. துயரத்தில் இருக்கும் ஒருவரிடம் எந்தச் சொல்லில் பேச்சைத் தொடங்குவது என்பதை மட்டும், உண்மையில் நடந்த ஒன்றை வைத்துப் பார்க்கலாம்.

1. பூட்டானிலிருந்து வெளியேறியவர்கள்

பூட்டான் என்றாலே நமக்குப் புத்த மடங்கள்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த நாட்டின் தெற்கே நேப்பாளி மொழி பேசும் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். அவர்களை லோட்சம்பா என்பார்கள். பெரும்பாலோர் இந்துக்கள். 1990-களின் தொடக்கத்தில் குடியுரிமையை இழந்து, நாட்டை விட்டே வெளியேறினார்கள். கிழக்கு நேப்பாளத்தில் ஜாப்பா, மொராங் மாவட்ட முகாம்களில், மூங்கில் குடிசைகளில், 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் காத்திருந்தார்கள். பிறகு அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் அவர்களை ஏற்றுக்கொண்டன. மிகப் பெரும்பாலோர் போனது அமெரிக்காவுக்கு.

முகாம் வாழ்க்கை முடிஞ்சது, வீடு கிடைச்சாச்சு, இனி நிம்மதிதான்னு நாம நினைப்போம். ஆனால் 2009 பிப்ரவரியிலிருந்து 2012 பிப்ரவரிக்குள் அங்கே குடியேறியவர்களில் 16 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டது உறுதியானது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதை ஆராய்ந்தது. 1 லட்சம் பேருக்கு 24.4 என்ற அந்த விகிதம், அமெரிக்கப் பொது மக்களின் விகிதத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இறந்தவர்களுக்கு என்னென்ன சிரமங்கள் இருந்தன என்று நெருங்கியவர்களிடம் கேட்டார்கள். மொழி தெரியாதது, ஊரில் விட்டுவந்த உறவுகளைப் பற்றிய கவலை, குடும்பப் பிரிவு ஆகியவற்றோடு இன்னொன்றும் பதிவானது: தங்கள் பண்பாட்டையும் சமய வழக்கங்களையும் தொடர முடியாத கஷ்டம். பூசை, பண்டிகை, உறவுக் கூட்டம் இதெல்லாம் பலருக்கு மனசைத் தாங்கிப் பிடிக்கும் தூண்கள். தூணை எடுத்த பிறகு கூரை ஏன் ஆடுதுன்னு கேட்க முடியாது.

2. மனசு வேறு, மூளை வேறு

உதவி கிடைக்கும் இடம் இருந்தும் ஏன் பலர் போவதில்லை? மனநல மருத்துவர் பிராண்டன் கோர்ட்டும் மானிடவியலாளர் இயன் ஹார்ப்பரும் நேப்பாளி பேசும் மக்களிடம் இதைப் பற்றி ஆராய்ந்து 2008-இல் எழுதினார்கள். அந்த மொழியில் 'மன்' என்பது உணர்ச்சியும் நினைவும் இருக்கும் இடம். 'திமாக்' என்பது மூளை, புத்தி, நடத்தையைக் கட்டுப்படுத்தும் பகுதி. மன் கனத்துப் போவது எல்லாருக்கும் வரும், அதில் வெட்கம் இல்லை. திமாக் கெட்டுவிட்டது என்றால் பைத்தியம் என்ற முத்திரை. கூடவே 'இஜ்ஜத்', அதாவது குடும்ப மானமும் போய்விடும்.

மனநோய் என்பதை மூளைக் கோளாறு என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? உதவி தேவைப்படுகிறவரே பயந்து ஒதுங்கிவிடுவார். மன் கனமாக இருக்கிறதா என்று கேட்டால் அவரே வாய் திறப்பார்.

தமிழிலும் இதேதான். "மனசு சரியில்ல" என்று யாரும் கூச்சமில்லாமல் சொல்வோம். "மூளை சரியில்ல" என்று சொல்வோமா? சைவ சித்தாந்தம் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்று அந்தக்கரணங்களை நான்காகப் பிரிக்கிறது. திருமுறை வகுப்பில் படித்திருப்போம். மனத்தையும் புத்தியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாத பழக்கம் நமக்குப் புதிதல்ல.

3. கேட்கும் முறை

மருத்துவ உலகமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில், நோயாளியின் பண்பாட்டை அறிந்துகொள்ள 16 கேள்விகள் சேர்க்கப்பட்டன. உங்கள் பிரச்சினையை வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள்? இது ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள்? இதுவரை யாரிடம் உதவி தேடினீர்கள்? இந்த வகையில் அவை போகும். பொறியியலில், ஓர் அளவுக்கருவியைப் பயன்படுத்தும் இடத்துக்கு ஏற்பச் சரிசெய்யாவிட்டால் அது தப்பாகத்தான் காட்டும். இந்தக் கேள்விகளும் அப்படிச் சரிசெய்கிற வேலைதான்.

இலங்கைப் போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் இந்த வழியில் நடந்தவர். போரின் காயம் ஒரு ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது என்று எழுதினார். மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சியாக அவரவர் மரபில் இருந்ததையே பயன்படுத்தினார். இந்துவுக்கு ஜெபம், இஸ்லாமியருக்கு திக்ர், கத்தோலிக்கருக்கு ஜெபமாலை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கோயிலே போதும், மருந்து வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். அதேபோல 'இவர் இந்து, இவருக்கு இதுதான் பிடிக்கும்' என்று நாமே முடிவு கட்டுவதும் தவறு. லோட்சம்பாக்களிலும் பௌத்தர்கள், கிராத சமயத்தார், கிறிஸ்தவர்கள் உண்டு. பண்பாட்டை மதிப்பது என்றால் அந்த ஆளிடமே கேட்பதுதான்.

4. நம் ஊரில்

1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஆனாலும் இங்கே அகதிகள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் மியன்மாரைச் சேர்ந்தவர்கள், இலங்கைத் தமிழரும் உண்டு. இது தவிர வேலைக்கு வந்த அண்ணன்மார், அக்காமார் எத்தனையோ பேர். நம் கோயிலில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவராகவும் இருக்கலாம். கிளை அளவில் நாம் செய்யக்கூடியவை:

• "சாப்பிட்டீங்களா, ஊர்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று தொடங்குங்கள். கவலையைச் சொன்னால் அறிவுரை சொல்ல அவசரப்படாமல் கேளுங்கள்.

• தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை என்று உடம்பு மொழியில் சொன்னாலும் லேசாக எடுக்காதீர்கள். மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், முடிந்தால் கூடவே போங்கள்.

• மருத்துவரிடம் பேச்சை மொழிபெயர்க்கப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். அம்மாவின் துயரம் பிள்ளையின் தோளில் ஏறிவிடும். நீங்கள் மொழிபெயர்த்தால், கேட்டது வெளியே போகக் கூடாது. சின்ன சமூகத்தில் ஒரு வார்த்தை கசிந்தாலும் அந்த ஆள் அடுத்த முறை வாயே திறக்கமாட்டார்.

• பண்டிகைக்கு அழைக்கும்போது விருந்தாளியாக மட்டும் அழைக்காதீர்கள். கோலம், சமையல், பூத்தொடுப்பு என்று ஒரு பொறுப்பு கொடுங்கள். வேலையும் மரியாதையும் இழந்து வந்தவருக்கு 'நான் இங்கே வேண்டப்பட்டவன்' என்ற எண்ணமே பெரிய பலம்.

• உயிரை விடும் எண்ணம் பற்றி யாராவது பேசினால் அவரைத் தனியே விடாதீர்கள். உடனே பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555.

கலந்துரையாட

1. நம் வீட்டில் மனத்துன்பத்தைச் சொல்ல என்னென்ன சொற்கள் இருக்கின்றன? எந்தச் சொல்லுக்கு வெட்கப்படுகிறோம், ஏன்?

2. நம் கோயிலுக்கு வரும் வெளிநாட்டவர் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

3. அடுத்த விழாவில் அவர்களில் யாருக்கு, என்ன பொறுப்பு கொடுக்கலாம்? பெயரோடு எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.