புகை வேறு, வேக்காடு வேறு

நம் சங்க இதழில் சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெண்மணிகள். ஹூக்ளிக் கரையில் ஒரு சணல் ஆலையின் கொதிகலன் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான் அந்த வரிசையில் வந்து நிற்பதை அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதப்போவது பாதி மீன், பாதி அடுப்பு. சைவ அன்பர்கள் மீனை விட்டுவிட்டு அடுப்பை மட்டும் படிக்கலாம்.

2023 மே மாதம் அமெரிக்காவில் ஆரெகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்கு ஏழாம் மாதம். இந்த மாதிரி சமயத்தில் தாயார் போய் இருப்பதுதான் வழக்கம். என் மனைவி காலமாகி அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே நான் போனேன். ரசம், கூட்டு, மீன் குழம்பு வரை எனக்குக் கை வரும். போன மூன்றாம் நாளே மகள் கேட்டது வேறு. "அப்பா, அம்மா புகை போட்டு இலிஷ் செய்வாங்களே, அது சாப்பிடணும் போல இருக்கு" என்றாள்.

கொல்கத்தாவில் இருக்கும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஊரில் நாம் உல்லம் என்று சொல்லும் மீன்தான் இங்கே இலிஷ். வெள்ளைக்காரன் காலத்து கிளப்புகளில் முள் நீக்கிப் புகை போட்டுப் பரிமாறிய இலிஷ் பெயர் பெற்றது. என் மனைவி அதைப் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளிடம் கற்றுக்கொண்டு, லேக் மார்க்கெட் வீட்டு மொட்டை மாடியில் கரி அடுப்பு வைத்து, கரியின் மேல் பொரியும் வெல்லமும் தூவிச் செய்வாள். மாடி முழுக்க மணக்கும். மகள் கேட்டது அந்த மணத்தைத்தான் என்று எனக்குப் புரிந்தது.

"இங்கே இலிஷ் பனிக்கட்டியாகத்தான் கிடைக்கும் மாமா. இந்த ஊர் இலிஷ் சால்மன்தான்" என்றார் மாப்பிள்ளை. விளையாட்டாகச் சொன்னாலும் அதில் உண்மை உண்டு. இரண்டும் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும் மீன்கள். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துப்போகும், இலிஷ் அப்படியில்லை. 1975-இல் ஃபராக்கா தடுப்பணை வந்த பிறகு அலகாபாத் வரை ஏறிக்கொண்டிருந்த இலிஷின் வழி அடைபட்டது நமக்குத் தெரியும். அங்கே கொலம்பியா ஆற்றில் செலைலோ அருவி என்று ஓர் இடம். பல்லாயிரம் ஆண்டுகளாகப் பூர்வகுடி மக்கள் சால்மன் பிடித்த துறை அது. 1957-இல் தி டேல்ஸ் அணை கட்டி முடிந்தபோது சில மணி நேரத்தில் அருவி தண்ணீருக்குள் போய்விட்டது.

பெயரில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நம் கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது ராவஸ், தமிழில் காலா மீன். நல்ல மீன்தான், ஆனால் சால்மனுக்கு அது உறவே இல்லை. சிலர் வஞ்சிரத்தையும் சால்மன் என்கிறார்கள். அதுவும் தவறு.

இனி அடுப்பு. மாப்பிள்ளை வீட்டுப் பின்புறத்தில் ஒரு பெல்லட் கிரில் இருந்தது. இது பிறந்ததே அந்த மாநிலத்தில்தான். மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் வீட்டுக் கணப்பு அடுப்பு வியாபாரம் செய்த ஜோ டிரேகர் என்பவர் 1980-களில் இதை உருவாக்கி 1986-இல் காப்புரிமை பெற்றார். காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு பல கம்பெனிகள் செய்ய ஆரம்பித்தன. எரிபொருள் மரத்தூள். தூளை மிகுந்த அழுத்தத்தில் சல்லடைத் துளை வழியே தள்ளும்போது, மரத்திலேயே உள்ள லிக்னின் சூட்டில் இளகிப் பசையாகி, பென்சில் பருமனில் சிறு உருளைகளாக இறுகிவிடுகிறது. வீட்டுக் கணப்புக்கு விற்கும் உருளையைச் சமையலுக்கு வாங்கக் கூடாது. அதில் பிசின் மிகுந்த பைன் மரமும் இருக்கலாம், வேறு சேர்மானங்களும் இருக்கலாம். சமையலுக்கென்றே ஓக், ஹிக்கரி, ஆப்பிள் மர உருளைகள் உண்டு. சால்மனுக்கு அந்த வட்டாரத்தில் ஆல்டர் மரம்தான் வழக்கம். மீனின் ருசியை அமுக்காத மென்மையான புகை.

மூடியைத் திறந்து காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆலைக் கொதிகலனைப் பொம்மையாகச் செய்து வைத்தது போல இருந்தது. ஒரு பக்கம் உருளை கொட்டும் தொட்டி. அதன் அடியில் திருகுத்தண்டு ஒன்று மோட்டாரில் மெல்லச் சுழன்று உருளைகளைத் தள்ளிக்கொண்டுபோய் நடுவிலுள்ள தீக்கிண்ணத்தில் போடுகிறது. பழுக்கக் காயும் மின்கம்பி பற்றவைக்கிறது. சிறு விசிறி காற்றூதுகிறது. தீக்கு மேல் ஓர் இரும்புத் தகடு, அதன் மேல் கொழுப்பு வழியும் தட்டு, அதற்கும் மேல்தான் மீன் வைக்கும் கம்பி வலை. நெருப்பு மீனைத் தொடுவதே இல்லை. சூடான காற்றும் புகையும்தான் சுற்றி வருகின்றன. ஆகவே பெயர் கிரில் என்றாலும் குணத்தில் இது விறகு எரியும் அவன். உள்ளே எத்தனை டிகிரி என்று ஓர் உணர்கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் திருகு அதிகம் சுழலும், ஏறினால் நிற்கும். எங்கள் ஆலையில் மூன்று பேர் செய்த வேலை.

இவ்வளவு தெரிந்தவன் முதல் நாள் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மாப்பிள்ளை வேலையாக வெளியூர் போயிருந்தார். முந்தின இரவு மழை. அடுப்பின் மேல் உறை போட நான் மறந்துவிட்டேன். தொட்டியில் பழைய உருளைகள் பாதி இருந்தன. மறுநாள் அதிலேயே பற்றவைத்தேன். 225 டிகிரி ஃபாரன்ஹீட் என்று வைத்தேன், நம் கணக்கில் 107 டிகிரி செல்சியஸ். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. பிரமாதம் என்று மகிழ்ந்து மீனை வைத்துவிட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து பார்த்தேன். முக்கால் மணியில் மேல்புறம் பொன்னிறமாகிவிட்டது. மணமோ கேட்கவே வேண்டாம். மகள் ஆசையாக இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டாள். அப்புறம்தான் தடித்த நடுப்பகுதியை நான் பிட்டேன். உள்ளே கண்ணாடி போலப் பச்சையாக, ஜில்லென்று இருந்தது.

தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி வைத்தேன். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டோம். நர்ஸ் பதறாமல் பேசினார். வேகாத மீனில் கிருமி இருந்தால் சில வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் வரலாம், லிஸ்டீரியா என்ற கிருமி தாய்க்கு லேசான காய்ச்சலாகப் போனாலும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து, ஆகவே எப்போது காய்ச்சல் கண்டாலும் உடனே சொல்ல வேண்டும் என்றார். அதன் பிறகு எனக்குத் தூக்கம் ஏது? அவள் அசந்து தூங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். "அப்பா, எனக்கு ஒண்ணுமில்ல, போய்ப் படுங்க" என்பாள் கண்ணைத் திறக்காமலே. அவள் அம்மா இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்டுக்கொள்ளாத இரவில்லை.

இரண்டு நாள் கழித்து அடுப்பைக் கழற்றிப் பார்த்தேன். ஈரம் பட்ட உருளைகள் ஊதி, மீண்டும் தூளாகி, திருகுத்தண்டில் களிபோல அப்பியிருந்தன. தீக்கிண்ணத்துக்குப் போனதே கொஞ்சம், போனதும் ஈரம். அதனால் சூடு இல்லை, புகை மட்டும் ஏராளம். ஆலையில் புகைபோக்கி திடீரென்று கனத்த புகை விட்டால் ஓடிப்போய்க் காற்றையும் நிலக்கரியையும் பார்ப்போம். கனத்த புகை என்றால் எரிதல் சரியில்லை என்று புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். அதையே இங்கே பார்த்து நான் மகிழ்ந்திருக்கிறேன்! கட்டுப்பாட்டுப் பெட்டியில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று நாம் வைத்தது, மற்றது உள்ளே உண்மையில் உள்ளது. மூக்குக் கண்ணாடி இல்லாமல் நான் பார்த்தது முதல் எண்ணை. போதாக்குறைக்கு மூடியைத் திறந்து திறந்து இருந்த சூட்டையும் விரட்டியிருக்கிறேன்.

புகை மேல்தோலில் நிறமும் மணமும் ஏற்றும். உள்ளே வெந்ததா என்பதற்கு அது சாட்சி அல்ல. கடைகளில் குளிர்பெட்டியில் விற்கும் மெல்லிய புகைச் சால்மன் குளிர்ந்த புகையில் செய்தது, உண்மையில் வேகாத மீன். அதனால்தான் மறுபடி வேகவைக்காமல் அதைக் கர்ப்பிணிகள் சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். நன்றாக வெந்த சால்மன் விஷயம் நேர்மாறு. பாதரசம் குறைந்த மீன் என்பதால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்கு ஏற்ற மீன்களின் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. இத்தகைய மீன் வாரத்துக்கு மொத்தம் 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடலாம். வேக்காட்டுக்கு அந்நாட்டு அரசு சொல்லும் அளவு, மீனின் நடுவில் 145 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 63 டிகிரி செல்சியஸ்.

பத்து நாள் கழித்து மகளே கேட்டாள், "மறுபடி செய்யலாமாப்பா?" என்று. எனக்குத்தான் கை நடுங்கியது.

இந்த முறை சினூக் வகை மீன், ஒன்றேகால் கிலோவில் ஒரு பக்கத் துண்டு, தோலோடு. சினூக்கில் கொழுப்பு அதிகம், சூடு சற்று ஏறினாலும் வறளாது. ரத்தச் சிவப்பாக இருக்கும் சாக்கை வகை ருசியானது, ஆனால் கொழுப்பு குறைவு, கவனம் தப்பினால் சக்கை. விரலால் தடவி, நடுவில் வரிசையாக நிற்கும் சிறு முட்களை இடுக்கியால் இழுத்துவிட்டேன். ஒரு கோப்பை பழுப்புச் சர்க்கரைக்குக் கால் கோப்பை கல்லுப்பு, கொஞ்சம் மிளகுத்தூள். இதைச் சதைப்பக்கம் முழுக்க அப்பி, நான்கு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தேன். உப்பு உள்ளிருக்கும் நீரை இழுத்துச் சதையை இறுக்கும். மீன் வேகும்போது மேலே பொங்கும் வெள்ளைக் கட்டியும் இதனால் குறையும். அது கெட்ட பொருளல்ல, மீனின் புரதம்தான். ஆனால் மிக அதிகமாக வந்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம்.

பிறகு கழுவி, துணியால் ஒற்றி, கம்பித்தட்டில் மூடாமல் மூன்று மணி நேரம் மறுபடி குளிர்பெட்டிக்குள். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இதைத்தான். மேல்புறம் காய்ந்து, தொட்டால் லேசாக ஒட்டும் பளபளப்பான படலம் உண்டாக வேண்டும். புகை அதில்தான் பிடிக்கும். ஈரத்தில் பிடித்தால் கசக்கும்.

அடுப்பில் பழைய உருளையை எல்லாம் வழித்தெடுத்துவிட்டு, புதிய மூட்டை பிரித்தேன். நல்ல உருளையை ஒடித்தால் பட்டென்று ஒடியும், நமுத்தது பிசுபிசுவென்று உதிரும். தீக்கிண்ணத்துச் சாம்பலை அகற்றி, கொழுப்புத் தட்டைத் துடைத்தேன். பழைய கொழுப்பு தீப்பிடிக்கும். அடுப்பை வீட்டுச் சுவரை விட்டு நன்றாகத் தள்ளித் திறந்தவெளியில்தான் வைக்க வேண்டும். கூரையுள்ள கார் கொட்டகையில் வைப்பது நச்சுவாயுவை வரவழைப்பதாகும். பற்றவைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தேன். முதல் வெள்ளைப் புகை அடங்கி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி நீல நிறத்தில் மெல்லிய இழை வந்தது. இரண்டாவது எண்ணும் 225-ஐத் தொட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன்.

வால்பக்கம் மெலிந்திருப்பதால் முதலில் வெந்துவிடும். அதைத் தனியாக வெட்டி வைத்தேன். தோல் கீழே இருக்க மீனை வைத்து, வெப்பமானியின் ஊசியைப் பக்கவாட்டில் தடித்த இடத்தின் நடுவுக்குச் செலுத்தி, மூடியை மூடியவன் திறக்கவே இல்லை. ஊசி நம்பத்தக்கதா என்று முன்பே பனிக்கட்டி நீரில் வைத்துப் பார்த்திருந்தேன், 0 காட்டியது. கொதிநீரிலும் பார்க்கலாம். நம் கொல்கத்தா கடல் மட்டத்தை ஒட்டி இருப்பதால் 100 காட்ட வேண்டும்.

வால்துண்டை முக்கால் மணியில் எடுத்தேன். பெரிய துண்டு ஒரு மணி பத்து நிமிடத்தில் 130 டிகிரிக்கு வந்தது. அந்த ஊர் ரசனைக்காரர்கள் அங்கேயே எடுத்துவிடுகிறார்கள், சதை வெண்ணெயாக இருக்கும் என்று. அவர்கள் பாடு. நான் 145 வரை உட்கார்ந்திருந்தேன். மேலும் இருபது நிமிடம் ஆயிற்று. எடுத்த மீன் விரலால் தள்ளினால் அடுக்கடுக்காகப் பிரிந்தது, வறளவில்லை. மகள் சோற்றில் பிசைந்து, மாப்பிள்ளை தேடிப்பிடித்து வாங்கி வந்த காசுந்தியோடு சாப்பிட்டாள். "அம்மா செஞ்ச மாதிரியேவா இருக்கு?" என்று கேட்டேன். "இல்லப்பா. ஆனா நல்லா இருக்கு" என்றாள். பொய் சொல்லாத பெண்.

காய்ச்சல் வரவில்லை. ஜூலையில் பேத்தி பிறந்தாள், இருவரும் நலம்.

இங்கே நமக்குப் பெல்லட் அடுப்பு வேண்டியதில்லை. பழைய இரும்புச் சட்டியில் அலுமினியத் தாள் விரித்து, பொரியும் ஒரு துண்டு பட்டாலி வெல்லமும் போட்டு, மேலே கம்பித்தட்டு வைத்து இறுக மூடினால் பத்து நிமிடத்தில் புகை கிடைக்கும். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கட்டும். இலிஷை வாழையிலையில் மூடி முன்பே ஆவியில் வேகவைத்துவிடுங்கள், புகை கடைசியில் மணத்துக்கு மட்டும். மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும்.

திரும்பும்போது மகள் அந்த வெப்பமானியை என் பெட்டியில் வைத்து அனுப்பினாள். லேக் மார்க்கெட் இலிஷில் அதைக் குத்தினால் முள்ளில் இடித்து இடித்துத்தான் நடுவுக்குப் போக வேண்டியிருக்கிறது.